பந்தலடியில் ஒரு படிப்பு

(மதுரையில் பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாடகை வேண்டாமென்று சொல்லி இந்த அரங்கத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வர்த்தக சங்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, பந்தல், மேடை, ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்தின் மாவட்டத் தலைவர் அவர்களே, வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, காலையிலிருந்து இந்த மைக்செட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, பெற்றோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொருளாளர் ஐயா உடல்நலம் சரியில்லாத நிலையிலும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக என் நன்றி.

மூன்று விஷயம் பேசலாமென்று வந்தேன். கல்யாணம், விழா என்று எடுத்து நடத்தித் தருகிற நிகழ்ச்சித் துறையில் கல்லூரிக்குப் போகாமல் எப்படி நுழைவது என்பது ஒன்று. அதற்குச் சட்டம் தரும் கைப்பிடி இன்னொன்று. ராத்திரி வேலையில் பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு மூன்றாவது.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் நம் பெரியவர்கள். உலகத்திலேயே கஷ்டமான காரியம் எவை என்று யோசித்து, இரண்டைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். அதில் ஒன்று நிகழ்ச்சி நடத்துவது! வீட்டைக் கட்டக் கற்றுக்கொள்ள ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, பொறியியல் கல்லூரி இருக்கிறது. கல்யாணம் நடத்தக் கற்றுக்கொள்ள எங்கே போவது? ஈவன்ட் மேனேஜ்மென்ட் என்று பட்டப்படிப்பும் டிப்ளமோவும் தனியார் கல்லூரிகளில் இருக்கின்றன. முடிந்தவர்கள் படிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் கடன் வாங்கி மூன்று வருஷம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளையும், முதல் நாள் மண்டபத்தில் கேபிள் சுற்றுவதிலிருந்துதான் தொடங்குகிறது. கேபிளை முறுக்காமல் எட்டு வடிவில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கம்பி அறுந்து அடுத்த நிகழ்ச்சியில் மைக் கரகரக்கும். இதை மைக்செட் அண்ணன் கையைப் பிடித்துச் சொல்லித்தந்தால் கால் மணி நேரத்தில் வந்துவிடும்.

ஜெர்மனியில் நிகழ்ச்சி மேலாண்மையை 2001ஆம் ஆண்டிலேயே அரசு அங்கீகரித்த தொழிற்பயிற்சியாக ஆக்கிவிட்டார்கள். மூன்று வருஷம், வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் வேலை, மிச்ச நாள் தொழிற்பள்ளி, மாதா மாதம் உதவித்தொகை. நம்மிடம் திறமைக்கு என்ன குறை? ரஷ்யாவில் நடக்க இருந்த செஸ் ஒலிம்பியாட் 2022 மார்ச்சில் நமக்கு வந்தது. ஜூலை 28ஆம் தேதி நேரு உள் விளையாட்டரங்கில் தொடக்க விழா, அடுத்த நாள் மாமல்லபுரத்தில் ஆட்டம் ஆரம்பம். நடுவில் இருந்தது நாலு மாதம். அதற்குள் மேடை போட்டவர்கள், விளக்குக் கட்டியவர்கள், ஜெனரேட்டர் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் வேலை செய்தே வேலை கற்றவர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். திருமங்கலம் பக்கம். அப்பா மைக்செட் வைத்திருந்தார். பிளஸ் டூ முடித்ததும் ஒரு நிகழ்ச்சி நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தது. ஒரு பெரிய ஆலையின் ஆண்டு விழா வந்தது. மேடை வேலை, எல்.இ.டி. திரை வேலையெல்லாம் பெரியவர்களுக்கு. இந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது பொன்னாடையும் நினைவுப் பரிசும். மேடைக்குப் பின்னால் ஒரு மேசை, அதில் ஒன்பது பொன்னாடை, ஒன்பது பரிசு, ஒன்பது பெயர் அட்டை. "இதைப் பத்திரமாப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அது என்ன செய்தது தெரியுமா? காலையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு விருந்தினரின் உதவியாளருக்கும் போன் போட்டது. "ஐயா எத்தனை மணிக்குக் கிளம்புறாங்க, கூட யாரு வர்றாங்க?" யாரும் சொல்லவில்லை, அதுவாகக் கேட்டது. கேட்டால், ஒருவர் தன் துறையின் மூத்த அதிகாரியை அழைத்து வருகிறார். இன்னொருவருடன் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் வருகிறார். ஒன்பது இப்போது பதினொன்று! உங்களுக்குத் தெரியாததா, நம் ஊரில் சாப்பாடு குறைந்தால்கூட மன்னிப்பார்கள், மேடையில் பொன்னாடை ஒன்று குறைந்தால் அந்த உறவே முறிந்துவிடும். பிள்ளை மேலாளரிடம் ஓடியது. அவர் எல்.இ.டி. திரையில் கோடு விழுகிறதென்று தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "அப்புறம் பாக்கலாம்மா" என்றார். அது காத்திருக்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு, விளக்குத்தூண் கடையில் அதே கரை, அதே நிறத்தில் இரண்டு பொன்னாடை வாங்கி வரச் சொன்னது. தன் கையெழுத்திலேயே இரண்டு பெயர் அட்டை எழுதியது. இனிஷியல் சரியா என்று மறுபடி போன் போட்டுக் கேட்டது. முன்வரிசையில் இரண்டு நாற்காலியை நகர்த்தி, அறிவிப்பாளரின் தாளில் யாருக்கு அடுத்து யார் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தது.

மாலையில் பதினொரு பேரும் வந்தார்கள். பதினொரு பேருக்கும் நாற்காலி இருந்தது, பெயர் இருந்தது, பொன்னாடை இருந்தது. ஆலை முதலாளிக்கு இப்படியொரு ஆபத்து வந்து போனதே தெரியாது. (கைதட்டல்.) அந்தக் கைதட்டலை அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். கல்யாணம் பண்ணிப் பார் என்றால் இதுதான் பண்ணிப் பார்ப்பது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. இரண்டு வருஷம் அங்கே உழைத்தபின், சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு வேலை கேட்டுப் போனது. பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்றார்கள். இல்லை. சேர்ந்ததற்கு ஒரு தாள்கூடக் கிடையாது. மாதச் சம்பளமும் கையில் ஒரு கவர், சில மாதம் அதுவும் பஸ் காசு மட்டும். இரண்டு வருஷ உழைப்பு காகிதத்தில் இல்லாததால் முதல்படியிலிருந்து ஏறச் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இன்று நான் இங்கே நிற்பதே அதனால்தான்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலை செய்துகொண்டே தொழில் கற்பவரைத்தான், அப்ரன்டிஸைத்தான், பழகுநர் என்கிறது. பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும் என்று நினைத்துவிட்டோம். 2014இல் திருத்தி, நிறுவனங்களே பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும் விருப்பத் தொழில்களையும் சேர்த்துவிட்டார்கள். நாலு பேர் வேலை செய்கிற இடமானாலும் பழகுநரைச் சேர்க்கலாம். முப்பது பேரும் அதற்கு மேலும் இருந்தால் சேர்த்தே ஆக வேண்டும். 2019இல் வகுத்த விதியில் பிளஸ் டூ முடித்தவருக்கு மாதம் குறைந்தபட்சம் 7,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரைக்கும், அரசு ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும், பதிவாகும், முடிவில் சான்றிதழ் வரும்.

"அண்ணே, எங்க தொழில்ல ஆடியும் மார்கழியும் வேலையே இல்ல, மாசாமாசம் எப்படிக் கொடுக்கிறது?" என்று சங்க நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த மாதங்கள்தான் பாடம் நடத்தும் மாதங்கள். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துத் துடைப்பது, ஜெனரேட்டருக்கு எர்த் போடுவது, எத்தனை கிலோவாட் இழுக்கும் என்று கணக்குப் போடுவது, விலைப்புள்ளி எழுதுவது, இதெல்லாம் முகூர்த்த நாளில் சொல்லித்தர முடியுமா? வீட்டைக் கட்டுபவன்கூட மழைக்காலத்தில் மரவேலையை முடித்துக்கொள்கிறான். கல்யாணம் பண்ணிப் பார்க்கிற நாம் ஆடியில் ஏன் கையைக் கட்டி உட்கார வேண்டும்?

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி இந்த அவசரத்தில் பேசக் கூடாது. தலைமையாசிரியர் அம்மா தலைமையில் அதற்கென்றே ஒரு கூட்டம் கேட்டிருக்கிறேன்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. எந்த நிறுவனத்தில் சேர்த்தாலும் ஒப்பந்தத் தாள் கேளுங்கள். உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். "முதல்ல வேலையக் கத்துக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். சங்கத் தலைவர் அவர்களுக்கு என் கோரிக்கை: நாலு பேருக்கு மேல் வைத்து வேலை செய்யும் ஒவ்வொரு உறுப்பினரும் இந்த ஆடிக்குள் ஒரு பழகுநரையாவது பதிவு செய்வதாக இன்றே தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன், அவைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன்.

வாசல் பக்கத்து மேசையில் இரண்டு தம்பிகள் கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம் கொண்டுவந்த பிள்ளைகள் பழகுநருக்கான இணையப் பதிவை முடித்துவிட்டே சாப்பிடப் போகலாம். கொண்டுவராதவர்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள், நாளை இந்தத் தம்பிகளே கூப்பிடுவார்கள். நன்றி, வணக்கம்.