காலி பாட்டில் திரும்பி வரும் தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தொண்டை கட்டினால் பக்கத்தில் ஒருவர் சோடாவை உடைத்து நீட்டுவார். அந்த 'டொப்' சத்தத்துக்கும் அடுத்த மடக்குக்கும் நடுவில், மறந்துபோன வரி ஞாபகத்துக்கு வந்துவிடும். ஒலிப்பதிவு அறையில் அது நடக்காது. மைக் பக்கத்தில் பாட்டில் எதுவும் வைக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நாற்பது வருடமாக மதுரையில் சோடா போட்டுக்கொண்டிருக்கிறவன், இன்றைக்குச் சோடா இல்லாமல் சோடாவைப் பற்றிப் பேசப்போகிறேன்.

இந்தப் பேச்சுக்கு ஆரம்பம் என் மருமகன்தான், தங்கச்சி மகன். பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலை. போன பொங்கலுக்கு வந்தவன், அங்கே இருக்கிற மைக்ரோபிரூவரிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பிட உட்காருகிற இடத்திலேயே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய உலோகத் தொட்டி வைத்து அவர்களே பீர் காய்ச்சுகிறார்களாம். மாம்பழக் காலத்தில் மாம்பழம் போட்டது, குளிர்காலத்தில் காப்பி வாசனை உள்ளது என்று புதுசு புதுசாக வருமாம். இன்றைக்கு என்ன இருக்கிறது என்று கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பார்களாம். "நம்ம மதுரையில ஏன் மாமா இப்படி ஒண்ணும் இல்ல?" என்றான்.

தமிழ்நாட்டில் அதற்கு உரிமம் கொடுப்பதில்லை. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை, போனாலும் இந்த நிகழ்ச்சி அமைப்பாளர் என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார். ஆனால் அவன் கேட்டதில் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. சின்ன இடத்தில், நாலைந்து பேர் சேர்ந்து, ஊர் ருசிக்கு ஒரு பானம் செய்வது நமக்குப் புதிதா என்ன? மதுரையில் தெருவுக்குத் தெரு சோடா கம்பெனி இருந்த காலம் ஒன்று உண்டு. கம்பெனி என்று பெயர்தான் பெரிது, பத்துக்குப் பதினைந்து அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு காஸ் சிலிண்டர், ஒரு சுற்றுகிற மெஷின். அவ்வளவுதான்.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். சோடா பிறந்ததே பீர் காய்ச்சுகிற இடத்தில்தான். இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் இருந்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே பீர் ஆலை. புளித்துக்கொண்டிருக்கிற தொட்டிக்கு மேலே ஒரு காற்று தேங்கி நிற்பதைப் பார்த்து, 1767-இல் அந்தக் காற்றைத் தண்ணீரில் ஏற்றிப் பார்த்தார். தண்ணீர் நாக்கில் சுரீர் என்றது. அந்தக் காற்றுதான் கார்பன் டை ஆக்சைடு, நாங்கள் காஸ் என்று சொல்வது. கோலி பாட்டிலும் அந்த நாட்டுச் சரக்குதான். ஹிராம் காட் என்ற இன்ஜினியர் 1872-இல் காப்புரிமை வாங்கியது. அங்கே அது எப்போதோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இங்கேயும் ஜப்பானிலும்தான் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.

கோலி சோடா போடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கழுவின பாட்டிலில் பாகும் எசன்ஸும் அளந்து ஊற்றி, தண்ணீர் நிரப்பி, மெஷினின் கூண்டுக்குள் மாட்டுவோம். கூண்டுக்குக் கம்பி வலை உண்டு, பாட்டில் வெடித்தால் சில்லு முகத்தில் அடிக்கக்கூடாதே. காஸைத் திறந்து கைப்பிடியைச் சுற்றினால் பாட்டில் தலைகீழாகப் போய் வரும், காஸ் தண்ணீரில் கரையும். கழுத்துக்குள் ஒரு ரப்பர் வாசர் இருக்கிறது. பாட்டிலுக்குள் கிடக்கிற கண்ணாடிக் கோலி போய் அதில் உட்காரும். அப்புறம் அதற்கு மூடி வேண்டாம், ஆணி வேண்டாம். உள்ளே இருக்கிற காஸே கோலியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காஸ் குறைந்த சோடாவைக் கடைக்காரர் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவார், கோலி லேசாக ஆடும். கழுத்தில் இரண்டு பள்ளம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது கீழ்ப்பக்கம் இருக்கிற மாதிரி சாய்த்தால் கோலி பள்ளத்தில் மாட்டிக்கொண்டு வழிவிடும். மாற்றிப் பிடித்தால் கோலி வந்து வாயை அடைத்துக்கொள்ளும், சட்டை நனையும். வெளியூர்க்காரரை அடையாளம் காண இது நல்ல வழி.

இந்த வியாபாரத்தில் என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்றுதான். "காலி பாட்டில் எவ்வளவு தூரத்துல இருந்து திரும்பி வருதோ, அது வரைக்கும்தான் நம்ம கம்பெனி." பாட்டிலின் விலை உள்ளே இருக்கிற சோடாவைவிடப் பல மடங்கு. கோலி பாட்டில் வார்க்கிறவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை, உத்தரப் பிரதேசத்தில் இருந்து வரவேண்டும். ஒரு பாட்டில் தொலைந்தால் ஐம்பது சோடா விற்ற லாபம் போச்சு. அதனால் எங்கள் சோடா செல்லூரைத் தாண்டி, வைகைப் பாலத்தைத் தாண்டி, முனிச்சாலை வரைக்கும் போகும். அதற்கு மேல் ட்ரைசைக்கிள் மிதிக்கிறவருக்கு மூச்சு போய்விடும். திருமங்கலத்துக்குத் தனிச் சோடா, மேலூருக்குத் தனிச் சோடா, உசிலம்பட்டிக்குத் தனிச் சோடா. ஒவ்வொன்றிலும் இனிப்பு வேறு, பன்னீர் வாசனை வேறு. விருந்தாளி வந்தால் "ஒரு கலர் வாங்கிட்டு வாடா" என்று பையனை அனுப்புவார்களே, அந்தக் கலர் எந்த ஊரில் எந்த நிறம் என்பதை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும்.

பெரிதாக வளர்ந்தவர்களும் இந்த மண்ணில் இருந்துதான் வளர்ந்தார்கள். விருதுநகரில் 1916-இல் பழனியப்ப நாடார் ஆரம்பித்த காளிமார்க் இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அவர்களுடைய பொவண்டோ தெரியாத மதுரைக்காரர் உண்டா? மாப்பிள்ளை விநாயகர் சோடா என்றால் இன்னும் எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூட நாள் ஞாபகம் வரும். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஃபிரிட்ஜையும் கொடுத்து, கடைப் பலகையையும் எழுதிக் கொடுத்து உள்ளே வந்தபோது எங்களைப் போன்ற சின்னவர்கள் பாதிப் பேருக்கு மேல் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. ஓசியில் ஃபிரிட்ஜ் கொடுத்தவனின் பாட்டிலைத்தானே அதில் அடுக்க முடியும்?

அப்புறம் 2017 ஜனவரி வந்தது. தமுக்கம் மைதானத்தில் பிள்ளைகள் ஜல்லிக்கட்டுக்காக ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சூட்டிலேயே, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. ஒரே வாரத்தில் எனக்கு ஆர்டர் மூன்று மடங்கு. பாட்டிலுக்கு எங்கே போவது? பரணில் கிடந்த, அப்பா காலத்து, வாய் உடைந்ததைக்கூட எடுத்துப் பார்த்தேன். வாசர் கிடைக்கவில்லை. கேட்ட கடைகளில் பாதிக்குக்கூடச் சோடா கொடுக்க முடியவில்லை. நாலு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் இளவட்டங்கள் சில பேர் அப்போது இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள், வந்தவர்கள் போகவில்லை. புதுசு புதுசாகச் செய்து பார்க்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது.

முதலில் நன்னாரி. கடையில் சர்பத்துக்குப் பாகாக ஊற்றுவது இருக்கட்டும், வேரையே காய்ச்சி சோடாவாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி, தட்டி, நடு நரம்பை எடுத்துப் போட்டுவிட்டு, தோலை மட்டும் ராத்திரி ஊறவைத்தேன். வாசனை முழுக்கத் தோலில்தான். காலையில் கொதிக்கவைத்து, சர்க்கரை போட்டு, பாட்டிலில் அடைத்துவிட்டேன். எசன்ஸ் கிடையாது, பதப்படுத்துகிற மருந்து கிடையாது. பெருமையாக இருந்தது. சித்திரை மாதம். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அறைக்குள் 'டம்' என்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. தீபாவளி மாதிரி விடிய விடிய வெடித்தது. காலையில் கதவைத் திறந்தால் கள் வாசனை. மருமகன் கேட்ட மைக்ரோபிரூவரியை நான் தெரியாமலே திறந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். காற்றில் ஈஸ்ட் எப்போதும் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் கிடைத்தால் அது வேலையை ஆரம்பித்துவிடும், சர்க்கரையைச் சாராயமாகவும் காஸாகவும் பிரிக்கும். பனையில் பதநீர்க் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது இதைத் தடுக்கத்தானே. தடவவில்லை என்றால் மத்தியானத்துக்குள் அது கள். 1987-இல் இருந்து கள்ளுக்குத் தடை, பதநீருக்குத் தடையில்லை. நடுவில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு. இப்போது நான் நன்னாரியைக் கெட்டிப் பாகாகக் காய்ச்சி வைக்கிறேன். நூறு கிராமில் அறுபத்தைந்து கிராம் சர்க்கரை இருந்தால் சாதாரண ஈஸ்டால் அதில் வளர முடியாது. சோடா போடுகிற அன்றைக்கு மட்டும் தண்ணீரில் கலக்கிறேன், மறுநாள் மாலைக்குள் விற்றுவிட வேண்டும். தொலைவுக்கு அனுப்ப முடியாது. அப்பாவின் கணக்கே திரும்ப வந்து நிற்கிறது.

கருப்பட்டி சோடா இன்னும் கை கூடவில்லை. எத்தனை முறை வடிகட்டினாலும் அடியில் வண்டல் தங்குகிறது, காஸ் ஏற்றும்போது வண்டலைச் சுற்றி நுரை கிளம்பிப் பாட்டிலில் பாதி வெளியே போய்விடுகிறது. ருசி மட்டும் பிரமாதம். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஜிகர்தண்டா சோடா போடுகிறேன் என்று இறங்கினான். பாலுக்குள் காஸை ஏற்றினால் என்ன ஆகும்? கூரை வரைக்கும் நுரை. பாலை விட்டுவிட்டு எசன்ஸில் செய்து பார்த்தான், குழந்தைக்குக் கொடுக்கிற இருமல் மருந்து மாதிரி இருந்தது. ஜிகர்தண்டாவை விளக்குத்தூண் பக்கம் நின்று கரண்டியால் சாப்பிடுவதே முறை என்று அவனை அனுப்பிவைத்தேன். மல்லிகை சோடா ஒன்றும் வந்து போனது. தலையில் வைக்கிறதை நாக்கில் வைத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. இஞ்சி எலுமிச்சை மட்டும் நன்றாகப் போகிறது. பெரியவர்கள் அதைப் பார்த்ததும் "ஜிஞ்சர் பீரா?" என்று கேட்கிறார்கள். பெயரில்தான் பீர், நம் ஊர் ஜிஞ்சர் பீரில் புளிக்கவைக்கிற வேலையே கிடையாது.

எந்தச் சோடா போட்டாலும் மதுரையில் வெயில்தான் முதலாளி. ஐஸ் மாதிரிக் குளிர்ந்த தண்ணீர் ஒரு லிட்டரில், சாதாரண காற்றழுத்தத்தில், ஏறக்குறைய 1.7 லிட்டர் காஸ் கரையும். அதே தண்ணீர் 30 டிகிரிக்கு வந்தால் 0.7 லிட்டர்கூடத் தாங்காது. அழகர் ஆற்றில் இறங்குகிற நேரம் பார்த்துத்தான் தேவை உச்சத்தில் இருக்கும், அப்போது பார்த்துத்தான் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அப்பா ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து சோடா போடுவார். நான் சின்னப் பையனாக இருந்தபோது அதைக் கஷ்ட ஜீவனம் என்று நினைத்தேன், தண்ணீர் குளிர்ந்திருக்கிற நேரம் அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றைக்குத் தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் மெஷின் வைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு எழுந்தால் போதும்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கலருக்கு 28 சதவீதம், மேலே செஸ் என்று 12 சதவீதம் கூடுதல் வரி. 2025 செப்டம்பர் 22-இல் அதைச் சேர்த்து நேராக 40 என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கும் அதே 40, கடல் தாண்டி வந்த கம்பெனிக்கும் அதே 40. சின்ன உற்பத்தியாளர்கள் விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற 'காம்போசிஷன்' திட்டத்திலும் 2019 அக்டோபரில் இருந்து சோடாக்காரர்களுக்கு இடம் இல்லை. ஆனால் சர்க்கரையும் வாசனையும் சேராத வெறும் சோடாவுக்கு 18-இல் இருந்து 5-ஆகக் குறைத்திருக்கிறார்கள். அதனால் பல பேர் வெறும் கோலி சோடாவுக்குத் திரும்பியிருக்கிறோம். பெட்டிக்கடை அண்ணாச்சி எலுமிச்சையைப் பிழிந்து, உப்பைப் போட்டு, சோடாவை உடைத்து ஊற்றட்டும். ருசி அவர் கையில்.

2025 மார்ச்சில் நம் கோலி சோடாவை 'கோலி பாப் சோடா' என்ற பெயரில் அமெரிக்கா, ஐரோப்பா, வளைகுடா என்று அனுப்புவதாக மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவித்தது. சந்தோஷம்தான். அந்தப் பாட்டில் எதுவும் காலியாகத் திரும்பி வரப்போவதில்லை என்பதுதான் என் புத்திக்கு இன்னும் பிடிபடவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் போடச் சொல்லி என் மகனும் நச்சரிக்கிறான். பிளாஸ்டிக் வழியாகக் காஸ் மெல்லக் கசியும், பாட்டில் சின்னதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கசியும். கண்ணாடியில் அந்தக் கவலை இல்லை. ஆனால் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ட்ரைசைக்கிள் மிதிக்க இப்போது ஆள் கிடைப்பதில்லை, கழுவ ஆள் கிடைப்பதில்லை.

மருமகன் பொங்கல் முடிந்து கிளம்பும்போது நன்னாரி சோடா குடித்தான். ஒன்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். அப்புறம் நண்பர்களுக்குக் காட்டவேண்டும் என்று இரண்டு பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். "காலியை மறக்காம கொண்டாடா" என்றேன். "அடுத்த தடவை கண்டிப்பா மாமா" என்றான். இரண்டு தடவை வந்துவிட்டுப் போய்விட்டான். கணக்கு நோட்டில் அவன் பேருக்கு நேரே இரண்டு கோலி பாட்டில் அப்படியே நிற்கிறது.

வணக்கம்.