கோப்பையா, மைதானமா? மைதானமே!

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு ஊர் கேலிக் கால்பந்து கிளப்பின் வரலாற்றைத் தாங்கி நிற்பது அது ஜெயித்த கோப்பைகளா, அது ஆடுகிற மைதானமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் வட அயர்லாந்தின் கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸை உதாரணமாக எடுத்தார். ஆறு முறை அகில அயர்லாந்து கிளப் பட்டம், 1996 முதல் 2008 வரை விடாமல் பதிமூன்று வருடம் ஆர்மா கவுண்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரி, அந்தப் பட்டம் என்று அடுக்கினார். அடுக்கிவிட்டு, "இந்தக் கோப்பைகள் இல்லையென்றால் அந்த ஊர்ப் பெயரை யார் சொல்லியிருப்பார்கள்?" என்று கேட்டு உட்கார்ந்தார். நான் வேறு உதாரணம் தேடப்போவதில்லை. அதே கிளப்பை எடுத்துக்கொண்டே மைதானம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு நிமிடம். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், உதைக்கலாம், ஆனால் கையில் வைத்துக்கொண்டு நாலு அடிக்கு மேல் ஓட முடியாது, தரையில் தட்டவேண்டும், இல்லையென்றால் காலால் தட்டிக் கைக்கே திரும்ப எடுக்கவேண்டும். கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி இருக்கும், குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் பொதுவாக ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. இதைவிட முக்கியமானது, ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாத்தியாராகவோ கட்டட வேலைக்காரராகவோ இருப்பவர் சாயங்காலம் வந்து பயிற்சி எடுப்பார். எந்த கிளப்புக்கு ஆடுவது என்பதும் பெரும்பாலும் பிறந்து வளர்ந்த பங்கைப் பொறுத்தது. பங்கு என்றால் நம் ஊர் கத்தோலிக்கர்கள் சொல்கிற அதே பங்குதான், ஒரு கோயிலைச் சுற்றியுள்ள ஊர். 1884-ல் தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி கேலிக் தடகளச் சங்கத்தை ஆரம்பித்தார்கள் இல்லையா, அன்றிலிருந்து இந்த விளையாட்டு வளர்ந்தது இந்தப் பங்குகளை வைத்துத்தான்.

அதற்கு மூன்று வருடம் கழித்து, 1887-ல், கிராஸ்மக்லென் கிளப் பிறந்தது. ஆயிரத்து ஐந்நூறு பேர் சொச்சம் இருக்கிற சின்ன ஊர். நடுவில் பெரிய சந்தைச் சதுக்கம், சுற்றிலும் மேய்ச்சல் நிலம். 1921-ல் அயர்லாந்தைப் பிரித்தபோது எல்லைக்கோடு இந்த ஊருக்குக் கொஞ்சம் தள்ளித் தெற்கே விழுந்தது, ஊர் பிரிட்டன் பக்கம் போய்விட்டது. எல்லையைத் திருத்துவதற்கு அமைத்த ஆணையம் தெற்கு ஆர்மாவின் ஒரு பகுதியைத் தெற்கு அரசுக்குக் கொடுக்கலாம் என்று யோசித்தது, 1925-ல் அது பத்திரிகையில் கசிந்து பெரிய சர்ச்சையாகிக் கடைசியில் அறிக்கையையே மூடி வைத்துவிட்டார்கள். எல்லையைத் தாண்டினால் தபால் பெட்டி நிறம் மாறியது, பணம் மாறியது, போலீஸ் மாறியது. மாறாதது அந்த விளையாட்டுச் சங்கம். அது தன் வரைபடத்தில் எல்லை போடவே இல்லை, முப்பத்திரண்டு கவுண்டிகளும் ஒரே சங்கமாக இருந்தன. ஆக அந்த ஊர்க்காரனுக்கு, தன் நாட்டில்தான் நிற்கிறோம் என்று காலால் உணர முடிந்த இடம் எது? அந்தக் கால்பந்து மைதானம்!

அந்த மைதானத்துக்கு ஆலிவர் பிளங்கெட் பெயர். 1681-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஆர்மா பேராயர். பெயரைச் சொன்னாலே அந்த மண்ணின் நினைவு வந்துவிடும்.

சரி, 1970-களுக்கு வருகிறேன். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிரணி இந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போய்விட்டது. பிரிட்டிஷ் ராணுவம் ஊருக்குள் முகாம் போட்டது, மைதானத்தை ஒட்டியே. ஒட்டி நின்றதோடு போகாமல் மைதானத்தில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. தெற்கு ஆர்மா, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கம் வலுவாக இருந்த பகுதி, சாலையில் குண்டு புதைப்பார்கள், நிறைய ராணுவ வீரர்கள் அங்கே செத்திருக்கிறார்கள், அவர்களும் இருபது வயதுப் பையன்கள்தான், அதை மறைத்துவிட்டு நான் பேச விரும்பவில்லை. சாலையில் போக முடியாததால் ஆளும் சாப்பாடும் எல்லாம் ஹெலிகாப்டரில் வந்தன. அந்த ஹெலிகாப்டர்கள் ஏறி இறங்கியது ஆட்டம் நடக்கிற புல்வெளிக்குப் பக்கத்தில். பையன்கள் பந்தைப் பிடிக்க மேலே பார்க்கிறார்கள், தலைக்கு மேலே தாழ்வாக ஹெலிகாப்டர். பக்கத்தில் கண்காணிப்புக் கோபுரம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு தலைமுறைக்கும் மேல்.

அப்போது அந்த கிளப் என்ன செய்திருக்கலாம்? ஊருக்கு வெளியே நல்ல மேய்ச்சல் நிலம் ஒன்றை வாங்கி நிம்மதியாகப் போயிருக்கலாம். கோப்பைதான் குறி என்றால் அதுதான் புத்திசாலித்தனம், தொந்தரவு இல்லாமல் பயிற்சி எடுக்கலாம் இல்லையா? அவர்கள் போகவில்லை. எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடு என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே மிச்சமிருந்த புல்லில் கோடு போட்டு ஆடினார்கள்.

எதிரணி நண்பரே, அந்த நாட்களில் அகில அயர்லாந்துக் கோப்பை எங்கே இருந்தது? அகில அயர்லாந்து கிளப் போட்டி 1971-ல் தொடங்கியது. கிராஸ்மக்லென் முதல் தடவை அதை ஜெயித்தது 1997-ல். நடுவில் இருபத்தாறு வருடம். 1990-களின் முதல் பாதியில் கவுண்டி பட்டம்கூட மற்ற ஊர்களுக்குத்தான் போனது, 1995-ல் பக்கத்து ஊர் முல்லாபான் ஆர்மா பட்டத்தையும் ஜெயித்து அல்ஸ்டர் மாகாணப் பட்டத்தையும் ஜெயித்தது. கோப்பைதான் கிளப்பைத் தாங்கும் என்றால் அந்த இருபத்தாறு வருடத்தில் இந்த கிளப் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லையே!

அப்புறம் அந்த ஆறு கோப்பைகளையும் வாங்கியது யார்? 1997, 1999, 2000 மூன்றையும் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் ஜோ கெர்னன் அதே ஊர்க்காரர். அந்த அணியில் கோல் அடித்த ஓஷீன் மக்கான்வில், இரட்டையர்கள் ஜான் மக்கென்டீ, டோனி மக்கென்டீ, இவர்கள் எல்லாம் எழுபதுகளில் பிறந்தவர்கள். அதாவது ராணுவம் இல்லாத மைதானத்தைப் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைகள். அதே டோனி மக்கென்டீ பிற்பாடு இணைப் பயிற்சியாளராக நின்று 2011, 2012 இரண்டு வருடமும் கோப்பை வாங்கிக் கொடுத்தார். வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கிவந்த வீரர்கள் இல்லை இவர்கள், அந்தப் புல்லில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டவர்கள். ஜெயித்த கணக்கைத் திறந்து பாருங்கள். 1999 இறுதி ஆட்டத்தில் பலினா அணியை ஒன்பதுக்கு எட்டு, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அந்த ஒரு புள்ளி எங்கே பழகியது என்று நினைக்கிறீர்கள்?

எதிரணி இன்னொன்றும் சொன்னது. 2002-ல் ஆர்மா கவுண்டி அணிக்கும் கெர்னன்தான் பயிற்சியாளர், கெர்ரி கவுண்டிக்கு எதிரான அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் ஆர்மா நாலு புள்ளி பின்தங்கியிருந்தது, 1977 இறுதி ஆட்டத்தில் தோற்றபோது தனக்குக் கொடுத்த பட்டயத்தை அவர் உடைமாற்றும் அறைச் சுவரில் வீசி உடைத்தார், ஆர்மா வரலாற்றிலேயே முதல் தடவையாக ஜெயித்தது, ஆகவே கோப்பைதான் எல்லாம் என்று. எனக்கு அந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் கவனியுங்கள், இருபத்தைந்து வருடம் வைத்திருந்த பட்டயத்தை ஒரு நொடியில் உடைக்க முடிந்தது என்றால் அவர் மனதில் அதற்கு இருந்த இடம் எவ்வளவு? அதே மனிதர் அந்த மைதானத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தாரா? ஆர்மாவுக்கு அன்றைக்கு ஒரே கோல், அதை அடித்தது மக்கான்வில், முதல் பாதியில் பெனால்டியைத் தவறவிட்ட அதே மக்கான்வில். எங்கே ஆடிப் பழகியவர் என்று திரும்பச் சொல்லத் தேவையில்லை.

சரி, எதிரணியின் தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம். கோப்பை இருந்து ஊர் இல்லாத கிளப் ஒன்று சொல்லட்டுமா? 1978-ல் அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை வாங்கியது லிமரிக்கில் இருந்த தாமண்ட் கல்லூரி அணி. நாட்டின் பல மூலைகளிலிருந்து படிக்க வந்த திறமைசாலிகள், நல்ல அணி, குறை சொல்வதற்கில்லை. 1991-ல் அந்தக் கல்லூரி லிமரிக் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. இன்று அந்தப் பெயரில் ஒரு அணியே கிடையாது. கோப்பைப் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயருக்காகச் சனிக்கிழமை காலையில் கோடு போட ஒரு ஆள் இல்லை, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவர ஒரு அம்மா இல்லை. கோப்பை ஒரு கிளப்பைக் காப்பாற்றும் என்றால் தாமண்டைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா?

அந்தக் கோப்பையின் பெயரையும் சொல்லிவிடுகிறேன், ஆண்டி மெரிகன் கோப்பை. வெக்ஸ்ஃபோர்டு கவுண்டியில் காசில்டவுன் என்ற சின்ன ஊர் கிளப்பின் ஆட்டக்காரர், பண்ணை விபத்தில் இறந்தவர். அவருடைய கிளப் இந்தப் பட்டத்தை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆனாலும் கோப்பைக்கே அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அந்தக் கோப்பையைக்கூட ஜெயித்தவர்கள் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நடுவர் அவர்களே. கிராஸ்மக்லென் ஆறு தடவை வாங்கியது, ஆறு தடவையும் திருப்பிக் கொடுத்தது.

டப்ளின் குரோக் பார்க்கில் கேப்டன் ஏறிக் கோப்பையைத் தூக்குகிற இடத்துக்கு ஹோகன் ஸ்டாண்ட் என்று பெயர். 1920 நவம்பர் 21-ம் தேதி அந்த மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படை புகுந்து சுட்டதில் பதினாலு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் திப்பரெரி அணிக்கு ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன். கிராஸ்மக்லென் கேப்டன்கள் ஏறி நின்றது அவர் பெயரில். கேலிக் கால்பந்தை மைதானத்திலிருந்து பிரித்து, வெறும் கோப்பைக் கணக்காகப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மணி அடிப்பதற்குள் 2007-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். எதிரணி அந்த வருடத்தைக் கோப்பைக் கணக்கில் எழுதிக்கொண்டது. உண்மைதான், டாக்டர் குரோக்ஸ் அணியோடு முதல் ஆட்டம் சமனாக முடிந்து, மறு ஆட்டத்தில் ஜெயித்து, நாலாவது கோப்பையை வாங்கினார்கள். ஆனால் அதே வருடம் ஜூலை 31-ம் தேதி, 1969-ல் ஆரம்பித்து முப்பத்தெட்டு வருடம் ஓடிய பிரிட்டிஷ் ராணுவ நடவடிக்கை அதிகாரப்பூர்வமாக முடிவுக்கு வந்தது. கோப்பை வந்தபோது ஊர் ஒரு இரவு கொண்டாடியிருக்கும். ராணுவம் போன பிறகு வந்த முதல் ஆட்டத்தில், ஆலிவர் பிளங்கெட் பார்க்கில் ஒரு பையன் பந்தைப் பிடிக்கத் தலையைத் தூக்கிப் பார்த்தபோது மேலே வானமும் பந்தும் மட்டும்தான் இருந்தன. நடுவர் அவர்களே, அந்தப் பையனை மனதில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள்.