குளிர்பெட்டியை நம்பாத தடுப்பு மருந்து

(தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் தமிழர் கூட்டமொன்றில் மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தைப்பூசத்தன்று நாக்கில் வேல் குத்தி, முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுக்கும் வீரர்கள் இந்த ஊரில் பலர் உண்டு. அவர்களில் சிலர் கிளினிக்கில் ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்! வலியில்லாத தடுப்பு மருந்து வருகிறது என்றால் அவர்கள் முதலில் கைதட்டுவார்கள். தட்டட்டும். எனக்கு வலி பெரிதில்லை, குளிர்பெட்டிதான் பெரிது.

தட்டம்மைத் தடுப்பு மருந்து தூளாக வருகிறது. நீர்மம் கலந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதுவரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கவும் வேண்டும். குப்பியிலோ பத்துக் குழந்தைகளுக்கான மருந்து. வந்திருப்பது ஒரே குழந்தை என்றால் சிஸ்டர் தயங்குகிறார். இன்னொரு நாள் வரச் சொல்கிறார். டாக்சிக்குக் காசு கொடுத்து மலையிறங்கி வந்த தாய் திரும்ப வருவாரா? லோட் ஷெடிங் காலத்தில் மின்சாரம் போகும் கவலை வேறு. 2022 அக்டோபரில் லிம்போபோவில் கிளம்பிய தட்டம்மை பிற மாகாணங்களுக்கும் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது சோதனையில் இருப்பது ஒரு சிறு ஒட்டு. அதன் அடியில் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாத முட்கள். அவற்றுக்குள்ளேயே மருந்து காய்ந்து இருக்கிறது. அதனால் நீர்மம் கலக்கவும் வேண்டாம், குளிர்பெட்டியை அவ்வளவு நம்பவும் வேண்டாம். மணிக்கட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒலி கேட்கும். ஐந்து நிமிடம் விட்டு வைத்தால் முட்கள் கற்கண்டாய்க் கரைந்துவிடும். வேலை செய்வது தோலின் மேலடுக்கிலுள்ள லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள். 1868இல் அவற்றைக் கண்ட மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் நரம்பணுக்கள் என்றே நினைத்தார். அந்நியப் பொருளைப் பிடித்து, நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடியிருக்கும் நிணநீர் முடிச்சுக்குக் கொண்டு போவதே அவற்றின் தொழில். தசையில் இவ்வளவு காவல் கிடையாது.

காம்பியாவில் 45 பெரியவர்கள், 240 குழந்தைகளிடம் இந்தத் தட்டம்மை–ரூபெல்லா ஒட்டைச் சோதித்தார்கள். 2024இல் முடிவு வெளிவந்தது: எதிர்ப்பாற்றல் ஊசியோடு ஒப்பிடத்தக்கதாகவே இருந்தது. ஒட்டிய இடம் சிலருக்குத் தடித்தது, சிலருக்கு நிறம் மாறியது. அபாயம் எதுவும் தென்படவில்லை.

புதிய தடுப்பு மருந்து என்றாலே நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள், என்ற பேச்சும் வரும். அந்தப் பெயரைக் கேட்டால் சிலருக்கு மயக்கம், சிலருக்குப் பயம். இரண்டும் வேண்டாம். சில தடுப்பு மருந்துகளில் இருப்பது வெறும் புரதம். அதை உடல் எளிதில் கண்டுகொள்வதில்லை. கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பாலிமரில் வைரஸ் பருமனுக்குப் பொதிந்து கொடுத்தால் அதே காவல் அணுக்கள் விழுங்கிவிடுகின்றன, மருந்தும் மெல்ல மெல்ல வெளிவருகிறது. தட்டம்மைக்கு அந்தப் பொதி தேவையே இல்லை. வலுவிழந்த வைரஸே ஒரு துகள்தானே!

எனக்குள்ள ஐயம் பணத்தைப் பற்றியது. குளிர்பெட்டியும் சிஸ்டரும் தாராளமாக உள்ள நாடுகளுக்கு இந்த ஒட்டு அவசரமில்லை. அவசரப்படும் நாடுகளிடம் காசில்லை. கிருமி புகாத இடத்தில் லட்சக்கணக்கில் ஒட்டுகளைச் செய்யும் தொழிற்சாலைக்கு யார் முதல் போடுவது?

அது நடக்கும்வரை ஊசிதான். பேரப்பிள்ளைகளின் கிளினிக் அட்டையை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். 6 மாதத்திலும் 12 மாதத்திலும் போட வேண்டிய தட்டம்மை ஊசி விடுபட்டிருந்தால் நாளைக்கே அழைத்துப் போங்கள்.