அணுக்கழிவு அருகில் வரும்போது ஊர் கேட்க வேண்டியவை

[காட்சி: வரைபடத்தில் ஒரு வட்டம். அதற்குள் வீடுகள், கிணறுகள், ஒரு பள்ளி.]

குடியிருப்புகளுக்கு அருகில் அணுக்கழிவு வைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தவுடன் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில், அச்சப்பட ஒன்றுமே இல்லை என்று மேடையும், எல்லாம் அழிந்துவிடும் என்று கூட்டமும் மாறி மாறிப் பேசிக் கலைவது வழக்கம். எந்தக் கழிவு, எத்தனை காலத்துக்கு, எந்த வழியாக அது வெளியேறக்கூடும், வெளியேறினால் ஊருக்கு யார் சொல்வார்கள் என்ற கேள்விகள் அந்தச் சத்தத்தில் காணாமல் போகின்றன. இந்த வீடியோ அவற்றைப் பற்றியது.

[காட்சி: ஒருபுறம் கையுறைகளும் வடிகட்டிகளும் நிரம்பிய பீப்பாய்கள். மறுபுறம் நீர்த்தொட்டிக்குள் எரிபொருள் கோல்கள்.]

அணு உலையில் பணியாளர்கள் அணிந்து கழற்றிய கையுறையும், உலையின் மையத்திலிருந்து எடுக்கப்பட்ட எரிபொருளும் அணுக்கழிவு என்ற ஒரே பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. உலக அளவில் இக்கழிவின் கனஅளவில் ஏறத்தாழ 90 விழுக்காடு, கையுறை போன்ற, கதிரியக்கம் குறைந்த குறைநிலைக் கழிவு. ஆனால் மொத்தக் கதிரியக்கத்தில் அதன் பங்கு சுமார் 1 விழுக்காடுதான். கனஅளவில் 3 விழுக்காடு மட்டுமே உள்ள, பயன்படுத்திய எரிபொருள் போன்ற உயர்நிலைக் கழிவில் ஏறத்தாழ 95 விழுக்காடு கதிரியக்கம் அடங்கியிருக்கிறது. ஆகவே, எத்தனை லாரிகள் வரும் என்று கேட்பதைவிட, வருவதில் எந்தெந்தத் தனிமங்கள் எத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளவில் உள்ளன என்று கேட்பது பயனுள்ளது.

கழிவில் உள்ள சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டுகள். பத்து அரை ஆயுட்காலம் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும் என்பதால், அதற்கு 300 ஆண்டுகள் காவல் வேண்டும். (முந்நூறு ஆண்டுகள் பெயரும் எல்லையும் மாறாமல் நீடித்த அரசுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.) புளுட்டோனியம்-239 இன் அரை ஆயுட்காலமோ 24,100 ஆண்டுகள்.

[காட்சி: பாறை அடுக்குகளின் குறுக்குவெட்டு. மெல்ல ஊறி இறங்கும் நீர்.]

சேமித்து வைத்த எரிபொருள் அணுகுண்டு போல வெடிக்காது. அது பீங்கான் போன்ற திடப்பொருள். ஆழத்தில் புதைத்த கழிவை மனிதர்களிடம் கொண்டு வரக்கூடிய முதன்மையான வழி நீர்தான். சீசியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். கழிவில் உள்ள மற்றொரு கதிரியக்கப் பொருளான அயோடின்-129 நீரோடு எளிதாக நகரும்.

ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் உள்ள ஆசே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில், 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 அணுக்கழிவுப் பீப்பாய்கள் வைக்கப்பட்டன. உப்பு அடுக்குக்குள் நீர் புகாது என்று அன்று நம்பினார்கள். 1988 முதல் பக்கத்துப் பாறையிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 12 கனமீட்டர் உப்புநீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. சுரங்கத்துக்குள் சீசியம் கலந்த உப்புநீர் இருந்த செய்தி 2008-இல் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு நிர்வாகப் பொறுப்பு கூட்டாட்சிக் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. அனைத்தையும் மீண்டும் தோண்டி எடுக்க 2013-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நீர் புகுந்ததைவிட, அதை ஊர் இருபது ஆண்டுகள் கழித்து முழுமையாக அறிந்துகொண்டதுதான் அங்கே நம்பிக்கையைக் கெடுத்தது என்பது என் கணிப்பு.

தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளப்பதும் போதாது. நிலத்தடி நீர் வட்டமாகப் பரவாமல் ஒரு திசையில் ஓடுவதால், ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் தொலைவில் உள்ள கிணறு, மேல்பக்கம் அருகில் உள்ள கிணற்றைவிடக் கவனத்துக்குரியதாக இருக்கலாம். சாலை வழியில் உள்ள ஊர்களும் கணக்கில் வர வேண்டும். உயர்நிலைக் கழிவை ஏற்றும் கொள்கலன்கள் 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும், 800 டிகிரி செல்சியஸ் தீயில் அரைமணி நேரம் இருப்பதையும் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இவ்விஷயத்தில் அச்சம் உண்மையைவிடச் சற்றுப் பெரியது.

[காட்சி: "தற்காலிகச் சேமிப்பு" என்று எழுதிய பலகை.]

நான் அதிகம் சந்தேகிப்பது தற்காலிகம் என்ற சொல்லை. அமெரிக்க அரசு 1998 முதல் பயன்படுத்தப்பட்ட எரிபொருளைப் பெற்றுக்கொள்வதாக ஒப்பந்தம் செய்திருந்தது. அதற்கென 1987-இல் நெவாடாவின் யுக்கா மலையை மட்டும் நாடாளுமன்றம் சட்டத்தால் குறித்தது. மாநிலம் விடாமல் எதிர்த்தது. 2010 அளவில் திட்டம் நின்றது. எரிபொருள் இன்றும் உலை வளாகங்களில்தான் இருக்கிறது.

பின்லாந்தில் உள்ளூராட்சிக்கு மறுக்கும் உரிமையைச் சட்டமே தந்தது. யூரயோக்கி நகராட்சி 2000-இல் ஒப்புக்கொண்டது. அங்கே 400 மீட்டருக்கும் கீழே, செம்பு உறையும் பெண்டோனைட் களிமண்ணும் சூழ எரிபொருளை வைப்பதற்கான ஓன்காலோ என்ற நிலத்தடிக் கிடங்கு அமைந்தது. ஸ்வீடனின் ஓஸ்தம்மார் நகராட்சியும் 2020-இல் ஒப்புதல் அளித்தது. இரண்டு ஊர்களிலும் அணுமின் நிலையங்கள் முன்பே இருந்தன, பலருக்கு வேலைவாய்ப்பும் அவற்றிலிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அணு உலையையே பார்த்திராத ஊருக்கு அந்த ஒப்புதலை முன்மாதிரியாகக் காட்டுவது நியாயமாகாது.

[காட்சி: கிணற்றில் இறங்கும் மாதிரிக் குப்பி.]

இயற்கையிலிருந்தே ஒருவருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கிடைக்கிறது. இத்தகைய நிலையங்கள் எல்லாவற்றாலும் சேர்த்துப் பொதுமக்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சேரக்கூடியதற்குச் சர்வதேசப் பரிந்துரை வைக்கும் உச்சவரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். கூடுதல் எவ்வளவு என்று அறிய, முன்பிருந்த அளவு தெரிந்திருக்க வேண்டும். ஆகையால் முதல் லாரி வருவதற்கு முன்பே, நிலையத்தை நடத்துவோரைச் சாராத ஆய்வகம் ஒன்று கிணற்று நீர், மண், பால், மீன் ஆகியவற்றை அளந்து, அந்த அறிக்கையின் ஒரு படியை ஊரிடமே ஒப்படைக்க வேண்டும். கழிவு வந்து சேர்ந்த பிறகு அந்த அளவை எந்த ஆய்வகத்தாலும் எடுக்க முடியாது.