மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகைக்குத் தரை போடுவது எப்படி?

[காட்சி: பனி மூடிய தோப்பு. நடுவே ஒரு மரக் கொட்டகை, கூரை உச்சியில் ஆவி.]

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம். குளிர்காலம் முடிகிற வேளையில், இரவு உறைந்து பகல் இளகும் நாட்களில், மேப்பிள் மரங்களில் சாறு ஊறும். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். மீதியெல்லாம் ஆவி. அதில் கொஞ்சம் கூரையில் பட்டுக் குளிர்ந்து கீழே சொட்டும். சிந்திய சாறு, காலணியோடு வரும் பனிச்சேறு, பாத்திரம் கழுவிய வெந்நீர், எல்லாவற்றுக்கும் போக்கிடம் தரைதான்.

ஜல்லித் தரைக்குச் செலவு குறைவு, தண்ணீரும் தானே இறங்கிவிடும். ஆனால் கழுவித் துடைக்க முடியாது. பலகைத் தரை காலுக்கு இதம். அடுப்பு வாயிலிருந்து ஒரு கங்கு விழும்வரைக்கும். விற்பதற்குப் பாகு காய்ச்சுபவர் தயங்காமல் கான்கிரீட் போடலாம்.

[காட்சி: தரையின் குறுக்குவெட்டுப் படம்.]

இனிதான் சிக்கல். தண்ணீர் ஓடத் தரைக்கு வாட்டம் வேண்டும். காய்ச்சும் தட்டுக்கோ துளிச் சாய்வும் ஆகாது. தட்டில் கொதிக்கும் சாறு ஓரிரு அங்குல ஆழம்தான். தட்டு சாய்ந்தால் மேட்டுப் பக்கம் வற்றி அடிப்பிடிக்கும், பாகோடு தட்டும் பாழாகும். ஆகவே அடுப்பு நிற்கும் இடத்தை ரசமட்டம் வைத்து மட்டமான மேடையாக எழுப்புங்கள். சுற்றியுள்ள தரைக்கு மட்டும், வடிகாலை நோக்கி அடிக்குக் கால் அங்குல வாட்டம் கொடுங்கள். வடிகால் குழாயைக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே பதித்துவிட வேண்டும். அதில் தண்ணீர் தேங்கினால் குளிரில் உறைந்து குழாய் வெடித்துவிடும்.

குளிர் மண்ணையும் விடாது. மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பினால் தளத்தையே மேலே தூக்கும். போன ஆண்டு மட்டமாக இருந்த மேடை இந்த ஆண்டு சாயும். மேல்மண்ணை அகற்றி, ஈரம் தங்காத ஜல்லியைப் பரப்பி, திமிசு போட்டு நன்றாக இறுக்குங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். பொதுத் தரைக்கு 4 அங்குலக் கனம் போதும். மேடைக்கு 6 அங்குலமும் உள்ளே கம்பியும் இருக்கட்டும்.

அடுப்பின் சூடு நேராகக் கான்கிரீட்டில் இறங்கக் கூடாது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். இடையில் சூடு தாங்கும் செங்கல் அடுக்குங்கள்.

[காட்சி: ஈரக் கான்கிரீட்டின் மேல் துடைப்பம் இழுக்கும் கை.]

கண்ணாடிபோல மெழுகினால் வழுக்கும். துடைப்பத்தால் மெல்லிய கோடு இழுத்தாலே போதும். பழைய பாகுப் பீப்பாய்களை மட்டும் பக்கத்தில் வைத்துக் கழுவாதீர்கள். ஈரக் கான்கிரீட்டில் சர்க்கரை கலந்தால் சிமென்ட் இறுகுவது தடைப்படும். ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழு வலுவுக்கு 28 நாள் கணக்கு என்பதால், கோடையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.