சரிவைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இந்தக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் கோத்தகிரிப் பெரியவர்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

உலகின் பெரிய சவால்களை எதிர்கொள்ள நம் பிள்ளைகளுக்குப் பெரிதும் கைகொடுப்பது இயற்பியலும் புவியியலுமா, கணினியும் வணிகமுமா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் இயற்பியல், புவியியல் அணியில் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு அமர்ந்தார். "மழை எப்போது வரும் என்று செல்போனே சொல்லிவிடுகிறது, அதற்கு ஒரு பாடம் எதற்கு?" என்பது ஒன்று. "புவியியல் படித்தவனுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த மலையில் அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பதே ஏறக்குறைய 140 சென்டிமீட்டர்தான். அப்படிப்பட்ட மழைக்கு முன்னால் "நீலகிரியில் மிகக் கனமழை" என்று செல்போன் எச்சரிக்கும். அது பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, மழை மாவட்டம் முழுவதும் பெய்கிறது. மண்ணோ ஏதோ ஒரு சரிவில் மட்டும் இறங்குகிறது. அது எந்தச் சரிவு?

2009 நவம்பர் மழையை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மழை. எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் மலைக் கிராமத்துக்குக் கீழே இருந்த தேயிலைச் சரிவும் அன்று இறங்கியது. ஆனால் அந்த ஓரத்து வீடுகளில் ஒருவரும் இல்லை. முந்தின நாள் மாலையே என் பாட்டி எல்லாரையும் மேல்வீட்டுக்குக் கிளப்பிவிட்டார். ஊற்றிலிருந்து எப்போதும் கண்ணாடி போல வரும் தண்ணீர் அன்று செம்மண் கலந்து வந்தது. "மலைக்குள்ளே மண் கரையுது, இங்கே படுக்காதீங்க" என்றார். அவ்வளவுதான். அவருக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. அறுபது வருடம் அந்த ஊற்றையும் அந்தச் சரிவையும் பார்த்ததுதான் அவர் படிப்பு.

நான் பின்னால் இயற்பியல் படித்தபோதுதான் அவர் கண்டது என்ன என்று எனக்குப் புரிந்தது. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை உராய்வு சரிவைத் தாங்குகிறது. மழைநீர் துகள்களின் இடைவெளிக்குள் புகுந்து நிறைந்ததும் அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்கப் பார்க்கிறது. பிடிப்பு தளர்கிறது. அதே நேரம் ஈரத்தால் மண்ணின் எடை கூடுகிறது. தாங்கும் விசை குறைந்து இழுக்கும் விசை கூடினால் மலை நகரும். இது "ஏன்" என்ற பாதி. "எங்கே" என்ற பாதியைப் புவியியல் சொல்கிறது. சரிவு எவ்வளவு செங்குத்து, பாறைக்கு மேலே மக்கிய மண் எத்தனை ஆழம், பழைய ஓடை எந்த வழியாகப் போனது, வேர் பிடித்த மரம் இருக்கிறதா, சரிவின் அடிக்காலை யாராவது வெட்டியிருக்கிறார்களா? எங்கள் ஹட்டிக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். வீடு கட்ட இடம் எடுக்கிறோம் என்று சுவர் மாதிரி நேராக வெட்டியிருந்தார்கள். வெட்டியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சரிவுக்கு ஒரு கோணம் இருக்கிறது, அதைத் தாண்டினால் நிற்காது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உலகச் சவால், உலகச் சவால் என்கிறோம். காலநிலை மாற்றம் என்பது உலகம் முழுமைக்கும் ஒரே சொல்தான். ஆனால் அது வந்து இறங்குவது என்னவோ ஓர் ஊரின் ஒரு சரிவில், ஒரு கடற்கரையில், ஒரு வயலில்தான். அங்கே நிற்கும் பிள்ளைக்கு ஏன் என்றும் தெரிய வேண்டும், எங்கே என்றும் தெரிய வேண்டும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு வைத்தது நம் தமிழ் மரபு. குறிஞ்சி நிலத்தில் நின்று பேசுகிறேன், இதை இங்கே அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அடுத்து, பக்கத்து மலைக்கு உங்களை அழைத்துப் போகிறேன். பழனி மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. ஏரி பார்க்கப் போகிறவர்கள் அதையும் ஒரு சுற்றுலா இடமாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது ஏன் பிறந்தது தெரியுமா? 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி ஆட்சியாளர்களைத் துரத்தியது. சூரியனில் ஏற்படும் மாற்றத்துக்கும் நம் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று எண்ணினார்கள். மேகத்துக்கும் தூசிக்கும் மேலே, தெளிவான வானம் தேடி மலை ஏறினார்கள். எந்த மலை என்று தேர்ந்தெடுத்தது புவியியல், ஏறியபின் செய்தது இயற்பியல். சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகளான சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டுபிடித்தது அங்கேதான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்த பெரிய தொகுப்பு அங்கே இருக்கிறது.

சரி, மழைக் கேள்விக்கு விடை கிடைத்ததா? சூரியப் புள்ளிகளை மட்டும் வைத்து மழையைக் கணிக்க முடியவில்லை. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை உலகம் முழுவதும் உள்ள நிலையங்களின் காற்றழுத்தக் கணக்குகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக் கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, ஊஞ்சல் மாதிரி. தென் அலைவு என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்த ஊஞ்சலோடு சேர்ந்து ஆடுவதுதான் இன்று செய்தித்தாளில் படிக்கும் எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடாவது. 1877இலும் பசிபிக்கில் வலுவான எல் நினோ இருந்தது என்று இப்போது அறிகிறோம். அந்தப் பஞ்சத்தில் அத்தனை லட்சம் பேர் சாக அன்றைய ஆட்சியின் கொள்கையும் காரணம், அதை ஒருபோதும் மறைக்கக் கூடாது. ஆனால் நம் தென்மாவட்டத்து உழவனின் வானம் ஏன் வறண்டது என்ற கேள்விக்கு விடை பெரு நாட்டுக் கரையோரம் வரை நீண்டு கிடந்தது. அந்த நீளத்தைக் காண உலக வரைபடமும் வேண்டும், காற்றழுத்தம் என்றால் என்ன என்ற அறிவும் வேண்டும். வாக்கர் காலத்தில் கணினி இல்லை. கேள்வி இருந்தது.

எதிரணி நண்பர் தலையாட்டுகிறார். "இன்றைக்குக் காலநிலையைக் கணிப்பது கணினிதானே" என்பார். ஆமாம், கணினிதான் கணக்குப் போடுகிறது. எந்தக் கணக்கை? 2021இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பாதியைச் சியுகுரோ மனாபேவும் கிளவுஸ் ஹாசல்மனும் பெற்றார்கள். பூமியின் காலநிலையைச் சமன்பாடுகளாக வடித்ததற்குக் கிடைத்த பரிசு அது. வெப்பம் எப்படிக் கடக்கிறது, காற்று எப்படி மேலெழுகிறது என்று தெரிந்த மனிதர்கள் முதலில் வேண்டும். அப்புறம்தான் கணினிக்கு வேலை.

முத்தோரையை நான் சொல்லாமல் போனால் என் மாணவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஊட்டி பக்கத்தில் அந்த மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. 1970இல் கோவிந்த் சொரூப் என்ற வானியலாளரின் தலைமையில் நம் நாட்டவரே கட்டியது. ஏன் முத்தோரை? அந்த இடம் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சரிவும் ஏறக்குறைய 11 டிகிரி. அப்படி ஒரு சரிவில் தென்வடலாக நீட்டிப் படுக்க வைத்தால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். அதன்பின் ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளைத் தொடர்ந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். கோடிகளைக் கொட்டிச் செய்ய வேண்டிய ஓர் ஏற்பாட்டை மலை இனாமாகத் தந்தது. ஆனால் மலை தந்ததை வாங்கிக்கொள்ள, அட்சரேகை என்றால் என்ன என்று ஒருவருக்கு மனப்பாடமாக இல்லாமல் மனசாரத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? நான் ஒவ்வோர் ஆண்டும் எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும்.

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றையும் அந்தத் தொலைநோக்கி கவனிக்கிறது. சூரியப் புயல் விளையாட்டில்லை. 1989 மார்ச்சில் ஒரு சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருளில் கிடந்தது. எதிரணி நண்பர்கள் போற்றும் செல்போனும் செயற்கைக்கோளும் பணப் பரிமாற்றமும் அந்தப் புயல் வழியில்தான் இருக்கின்றன.

மின்சாரம் என்றதும் நம் மலையின் பைக்காரா நினைவுக்கு வருகிறது. 1930களில், 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர் மில்கள் ஓடியது அதில்தான். இப்போது உலகத்தின் கேள்வி வேறு. வெயிலில் எடுக்கும் மின்சாரத்தை இரவுக்கு எப்படிச் சேமிப்பது? மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவிட்டு, வேண்டும்போது இறக்கலாம். நம் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதற்காகத்தான் திட்டம் போட்டார்கள். மேலே போர்த்திமந்து நீர்த்தேக்கம், கீழே அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கங்கள். உயரத்தில் உள்ள பொருளுக்கு நிலை ஆற்றல் உண்டு என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரி வருமே, அந்த வரிதான் இது. மலையைக் குடையும்போது சோலைக்கும் புல்வெளிக்கும் என்ன ஆகிறது என்று கேட்கவும் அதே பாடங்கள்தான் கற்றுத்தர வேண்டும். அந்தக் கேள்வியை நான் விடமாட்டேன்.

இனி வேலை பற்றிய கேள்வி. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோர் வந்து கம்ப்யூட்டர் குரூப் கொடுங்கள், காமர்ஸ் குரூப் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பச்சைத் தேயிலை விலையை நம்பி வீடு நடத்துபவர்களுக்குப் பிள்ளையின் சம்பளம்தான் கண்ணில் தெரியும். ஆனால் ஒரு பாடத்தின் மதிப்பைச் சம்பளத்தால் மட்டும் அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கடற்கரையைக் காட்டுகிறேன்.

2004 டிசம்பர் 26. தாய்லாந்தின் புக்கெட் தீவு. டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் கரையில் நடக்கிறாள். கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்க்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் வகுப்பில் புவியியல் ஆசிரியர் சுனாமி பற்றி நடத்தியிருந்தார். அவள் கத்திச் சொன்னதால் கரையில் இருந்த நூறு பேர் அளவில் உயிர் தப்பினார்கள். அதே காலையில் நம் கரைகளில் கடல் உள்வாங்கியதைப் பார்த்து, வேடிக்கை பார்க்கக் கடலை நோக்கி நடந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேரை இழந்தோம். நம் மக்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அந்த ஒரு பாடம் அவர்கள் வகுப்பறைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சிறுமிக்கு அந்தப் பாடம் என்ன சம்பளம் கொடுத்தது என்று கேட்பீர்களா?

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு செய்தி சொல்லிவிட்டு அமர்கிறேன். நம் மலையில் தடுப்புச் சுவர்களில் தண்ணீர் வடியக் குழாய்த் துளை விட்டிருப்பார்கள். சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி அழுத்தம் ஏறாமல் இருக்க அது வேண்டும். போன மழைக்கு முன் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியில் இருக்கும் துளைகளை எண்ணினார்கள். பாதிக்கு மேல் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தது. ஒரு வீட்டில் அழுக்குத் தண்ணீர் வருகிறது என்று சிமென்ட் பூசியே மூடியிருந்தார்கள். பிள்ளைகள் ஒரு நோட்டில் படம் வரைந்து, ஒவ்வொரு துளையையும் குறித்து, குச்சியால் குத்தித் திறந்தார்கள். சிமென்ட் பூசிய வீட்டு அண்ணனிடம் போய், நீரின் அழுத்தம் என்றால் என்ன என்று ஏழெட்டுப் பேர் சூழ்ந்து நின்று விளக்கினார்கள். மறுநாள் காலை அவர் உளியோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நோட்டை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். தீர்ப்பு எழுதும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், நடுவர் அவர்களே. இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரும் அதில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.