பாலில் வராத இரும்பு

தாய்மார்களே, கிராமச் சுகாதாரச் செவிலியர்களே,

தாய்ப்பாலில் எல்லாமே இருக்கிறது என்று மேடைதோறும் பேசுகிறோம். இரும்புச்சத்தைப் பற்றி மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறோம். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. அதில் ஏறக்குறையப் பாதியைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், வளர்கிற உடம்புக்கு அது பற்றாது. தாய் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் பாலில் இந்த அளவு கூடுவதில்லை. முதல் ஆறு மாதமும் பிள்ளையின் ரத்தம் ஊறுவது, வயிற்றில் இருந்தபோதே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்த இருப்பிலிருந்துதான்.

நிறைமாதப் பிள்ளை, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 75 மில்லிகிராம் இரும்போடு பிறக்கிறது. அதில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில் வருவது. குறைமாதப் பிள்ளைக்கு மருத்துவர் இரும்புச் சொட்டு மருந்து எழுதுவது இதற்காகத்தான். "நல்லாத்தானே பால் குடிக்கிறான்" என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் முதல் 180 நாள், தினம் ஒரு சிவப்பு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தருகிறோம்; அது தாய் இழந்ததை ஈடுகட்ட. டீ, காபி, பால் எதனோடும் இதைப் போடாதீர்கள், உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம்.

இந்த இருப்பைக் கூட்ட அடுத்த வாய்ப்பு பிரசவ அறையில், ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை. குழந்தை நன்றாக அழுகிறதா? தாயின் வயிற்றின் மேல் துடைத்துப் போட்டுவிட்டு, தொப்புள்கொடியைக் கவ்வி போட்டு இறுக்காமல் பொறுங்கள். அந்த நேரத்தில் 80 முதல் 100 மில்லி ரத்தம் பிள்ளைக்குள் போகிறது. பல மாதத்துக்கான இரும்பு அது! அவசரப்பட்டு வெட்டினால் குப்பைக்குத்தான் போகும். மூச்சுவிடத் திணறும் குழந்தைக்கு மட்டும் உடனே வெட்டி உதவி செய்ய வேண்டும். பொறுத்திருந்து வெட்டிய பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வருகிறதா என்று பிறகு சில நாள் கவனியுங்கள்.

ஆறு மாதம் ஆனதும் இருப்பு தீரும். பருப்புத் தண்ணீர் போதாது. மசித்த பருப்பு, கீரை, அசைவம் சாப்பிடும் வீட்டில் நன்றாக வேகவைத்து அரைத்த ஈரல் என்று கொடுங்கள். துத்தநாகம் (ஜிங்க்) என்ற சத்தும் சீம்பாலில் நிறைய இருந்து மாதாமாதம் குறைவது என்பதால், இந்த உணவு அதற்கும் வேண்டும்.

அயோடின் கதை வேறு. தாய் சாப்பிடுவது அப்படியே பாலில் இறங்கும். பாலூட்டுகிறவளுக்கு நாளைக்கு 250 மைக்ரோகிராம் தேவை. அயோடின் சேர்த்தது என்று உறையில் போட்ட உப்பையே வாங்குங்கள். கல்லுப்பிலும் அப்படிக் கிடைக்கிறது. ஈரம் படாமல் மூடி வைத்து, அடுப்பை அணைக்கும் நேரத்தில் போடுங்கள்.